அடுக்களையும் ஆபீஸ்தான்!

"சமையலுக்கு மாமி தேவை. மூன்று பேர் மட்டும். காலை ஏழு முதல் ஒன்பது வரை. நம்மவராக இருந்தால் நலம்."

அபிராமபுரம், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை பக்கத்து வாட்ஸப் குழுக்களில் வரும் அறிவிப்புகள் ஏறக்குறைய இந்த அச்சில்தான் இருக்கும். படித்துவிட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. உடனே யாராவது தெரிந்தவரின் எண்ணைப் போடுவார்கள், கேட்டவர் ஒரு கும்பிடு எமோஜி போடுவார், விஷயம் முடிந்தது.

இதையே பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஐ.டி. கம்பெனி, "அக்கவுன்டன்ட் தேவை, நம்மவராக இருந்தால் நலம்" என்று போட்டிருந்தால்? ராத்திரிக்குள் ஸ்கிரீன்ஷாட் ஊரைச் சுற்றியிருக்கும். மறுநாள் ஹெச்.ஆர். மன்னிப்புக் கடிதம் எழுதியிருப்பார். ஏனென்றால் அங்கே பன்முகத்தன்மை, எல்லோருக்கும் இடமுள்ள பணியிடம் என்றெல்லாம் வருஷா வருஷம் ஆன்லைன் பாடம் நடத்தி, கடைசியில் பத்துக் கேள்வி கேட்டு, சான்றிதழும் கொடுக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் வாங்கியவர்களில் பலர் சாயங்காலம் காரைக் கொண்டுவந்து நிறுத்துவது அபிராமபுரம் அடுக்ககங்களின் கீழ்த்தளத்தில்தான். லிஃப்ட் ஏறும்போதே பாடம் மறந்துவிடுகிறது.

சி.பி. ராமசாமி சாலையையும் செயின்ட் மேரிஸ் சாலையையும் ஒட்டிய தெருக்களில் ஆடிட்டர் ஆபீஸ், பல் டாக்டர், துணி பொட்டிக், காபி ஷாப் எல்லாம் உண்டு. ஆனால் கதவுக்குக் கதவு ஆள் வைத்திருக்கும் முதலாளி வீடுதான். சமையல், மேல்வேலை, டிரைவர், வாட்ச்மேன், படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஷிஃப்டுக்கு ஒருவர் என, இரண்டு பேர் மட்டும் வசிக்கிற ஃபிளாட்டுக்குள்கூட நாளைக்கு நான்கு பேர் வந்து வேலை பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதைப் பணியிடம் என்று நாம் சொல்வதில்லை. சட்டம் சொல்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

ஒரே வீடு, மூன்று வரிசை

வேலை பிரிந்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். அடுப்பைத் தொடுகிறவர் ஒருவர். பத்துப் பாத்திரம் தேய்த்து, வீட்டைப் பெருக்கித் துடைத்து, துணி உலர்த்துகிறவர் இன்னொருவர். பாத்ரூம் கழுவ வாரம் ஒருமுறை வருகிறவர் மூன்றாமவர். முதலாமவர் பூஜையறை வரை போகலாம். இரண்டாமவர் அந்த அறை வாசல் வரை துடைக்கலாம். மூன்றாமவர் சமையலறைப் பக்கமே வர வேண்டியதில்லை. மரியாதையும் பெரும்பாலும் இதே வரிசையில்தான். சமைக்கிறவர் 'மாமி', பெருக்குகிறவரை அறுபது வயதானாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், கழுவுகிறவரின் பெயரே பல வீடுகளில் தெரியாது.

"நாங்க ஜாதியெல்லாம் கேக்கறதே இல்லை" என்பார்கள். உண்மைதான், கேட்க வேண்டிய அவசியமில்லை. "சொந்த ஊர் எது?", "நான்வெஜ் உண்டா?", "இப்ப வீடு எங்கே?" என்ற மூன்று கேள்விகளிலேயே இன்டர்வியூ முடிந்துவிடுகிறது.

பழைய ஃபிளாட்டுகள் சிலவற்றில் இந்த வரிசையைச் சிமென்ட்டிலேயே பார்க்கலாம். சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்க ஒரு துண்டு பால்கனி, அங்கிருந்து கீழே இறங்க இரும்புச் சுழல்படி. அந்தப் பால்கனி ஜன்னல் திண்டில் தனியாக ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கும். அதில் ஊற்றும் காபியில் வஞ்சனை கிடையாது, வீட்டுக்காரர் குடிக்கும் அதே டிகாக்‌ஷன்தான். குடித்ததும் பாத்திரம் தேய்க்கிறவரே கழுவி அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். வீட்டின் மற்ற டம்ளர்களையும் தினமும் கழுவுவது அவர்தான் என்பது யாருக்கும் முரணாகப் படுவதில்லை. கிராமத்து டீக்கடை இரட்டைக் குவளையைக் கண்டித்து நம் பத்திரிகைகள் எவ்வளவோ எழுதியிருக்கின்றன. அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது, டீக்கடைக்கு மட்டும் என்று எழுதவில்லை.

வேலைக்கு ஆள் எடுப்பதில் சாதி பார்ப்பது தனியார் துறையில் குற்றமா? நம் நாட்டில் அதைப் பொதுவாகத் தடுக்கும் தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-லும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017-லும், திருநர்களுக்கு 2019-லும் வந்த சட்டங்கள் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கின்றன. எல்லோருக்குமான சமத்துவச் சட்டம் வேண்டும் என்று சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா காலாவதியாகிப்போனது. கடல் தாண்டிப் பார்த்தால், அமெரிக்காவில் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிஃபோர்னியா சட்டமன்றமும் அதே வருடம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் கேவின் நியூசம் அக்டோபரில் கையெழுத்திட மறுத்துவிட்டார். இரண்டு செய்தியையும் அபிராமபுரத்தில் பலர் அக்கறையோடு படித்திருப்பார்கள், பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்களே. ஆக, பிள்ளை சியாட்டில் ஆபீஸில் செய்தால் புகாராகும் ஒன்றை, இங்கே பெற்றோர் வாட்ஸப்பில் விளம்பரமாகப் போடலாம்.

நடந்து வந்தவர்கள், இன்று பஸ் ஏறி வருகிறார்கள்

ஒரு காலத்தில் அபிராமபுரத்து வீடுகளுக்கு வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நடந்தே வந்தார்கள். பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை, அடையாற்றங்கரை, மந்தைவெளிச் சந்துகள், பட்டினப்பாக்கம் எல்லாமே கூப்பிடு தூரம். காலையில் ஒரு வீடு, நடுவில் தன் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு, சாயங்காலம் மறுபடி ஒரு வீடு என்று அவர்களின் நாள் ஓடியது.

2000-க்குப் பிறகு அந்தக் கணக்கு குலைந்தது. நீர்நிலைக் கரையோரக் குடும்பங்களைத் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி வீடுகளை இடித்தபோது, அந்தப் பகுதிவாசி ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான், அங்கிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளி வட்டாரத்திலேயே மாற்று வீடு என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே வீடு என்பது சலுகையாகத் தெரியலாம். நான்கு வீட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதுதான் வேலையின் முதல் நிபந்தனை.

பெரும்பாக்கத்திலிருந்து வருகிறவர் ஏழு மணிக்கு அபிராமபுரத்தில் கதவைத் தட்ட வேண்டுமானால், விடிவதற்கு முன்பே தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பஸ் தவறினால் முதல் வீட்டில் முணுமுணுப்பு, இரண்டாம் வீட்டில் கோபம், மூன்றாம் வீட்டில் "நாளையிலேருந்து வர வேண்டாம்". காலை வேலை பதினொரு மணிக்கு முடியும். சாயங்கால வேலை நான்கு மணிக்கு. நடுவில் வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. அந்த ஐந்து மணி நேரம் எங்கே இருப்பது? மாடிப்படி வளைவு, கோயில் மண்டபம், பறக்கும் ரயில் நிலையத்துப் படிக்கட்டு. கம்பெனிகளில் இதற்கு ஓய்வறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், சோபாவோடு.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது இவர்களுக்கு வந்த மிகப் பெரிய சம்பள உயர்வு. கொடுத்தது முதலாளி அல்ல, அரசு. இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. இந்த வட்டாரத்தில் எத்தனை வீடுகள் ஒரே தடவையில் அவ்வளவு சம்பளம் ஏற்றிக் கொடுத்திருக்கும் என்று அவரவர் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

தூரத்தோடு சேர்த்து முகவரியும் சுமையாகிவிட்டது. "கண்ணகி நகரா?" என்று இழுத்துக் கேட்டுவிட்டு, "அப்புறம் சொல்லி அனுப்பறோம்" என்பது அங்கிருந்து வேலை தேடிப் போகிறவர்கள் எல்லோரும் அறிந்த பதில். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் அந்த நகரின் பெண் ஒருத்தி ஆடினாள். ஒரு வாரம் முழுக்க எல்லோரும் கண்ணகி நகரைக் கொண்டாடினோம். காலிங்பெல் அடிக்கும் அடுத்த கண்ணகி நகர்ப் பெண்ணுக்கு அது எத்தனை நாள் உதவியது?

லிஃப்ட், கழிப்பறை, ஒரு சாவி

அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிக்குச் சாய்தளம் இருக்கிறதா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்று இப்போது கேட்கிறோம். நல்ல விஷயம். வீட்டில் வேலை செய்கிறவர் எந்தக் கழிப்பறைக்குப் போகிறார்? பாத்ரூம் கழுவ வருகிறவர்கூட நான்கு வீட்டில் ஆறேழு கழிப்பறைகளைக் கழுவுகிறார், ஒன்றையும் பயன்படுத்த முடியாது. அடுக்ககமாக இருந்தால் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் 'சர்வன்ட் டாய்லெட்' ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதில் விளக்கு எரியாது, தாழ்ப்பாள் சரியாக இருக்காது, அசுத்தம் பண்ணிவிடுவார்கள் என்று பூட்டி வைத்திருப்பார்கள். சாவி வாட்ச்மேனிடம். ஒரு பெண் ஓர் ஆணிடம் போய், எதற்கு என்று அவனுக்குத் தெரியும்படி, தினமும் சாவி கேட்க வேண்டும். அதற்குப் பயந்தே பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. சென்னை வெயிலில், அடுப்படியில், தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் சிறுநீர்த் தொற்று வரும் என்பதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை.

லிஃப்ட் கதை எல்லா ஊருக்கும் பொது. ஹைதராபாத்தில் ஓர் அடுக்ககத்தில், வேலையாட்கள் பிரதான லிஃப்டில் ஏறினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று ஒட்டிய காகிதம் சில வருடங்களுக்கு முன் செய்தியானது. நம் பக்கத்தில் காகிதம் ஒட்டுவதில்லை. வாட்ச்மேன் ஒரு பார்வை பார்ப்பார், அது போதும். முழங்கால் வலியோடு மூன்றாவது மாடிக்குப் படியேறும் அந்த அம்மாளின் பையில், அந்த வீட்டு உரிமையாளரின் காய்கறிதான் இருக்கும். காய்கறி மட்டும் போனால் லிஃப்ட் உண்டு, தூக்கிப் போகிறவருக்கு இல்லை!

சட்டம் எதுவரை வந்திருக்கிறது?

அண்ணாவின் 'வேலைக்காரி' படமாக வெளிவந்தது 1949-ல். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கான மசோதா ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது 1959-ல். அது சட்டமாகவில்லை. 1989-ல் இன்னொன்று, அதுவும் ஆகவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தேசிய அளவில் தனிச் சட்டம் இன்றைக்கும் கிடையாது. 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வீட்டுப் பணியாளர்களுக்கான 189-வது உடன்படிக்கையை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. அதை ஏற்று உறுதி செய்யும் வேலையை மட்டும் இன்னும் செய்யவில்லை.

தமிழ்நாடு கொஞ்சம் முன்னே நிற்கிறது என்பதை மறுக்க முடியாது. 1982-ம் வருடத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், 2007-ல் வீட்டுப் பணியாளர்களுக்கென்று நல வாரியம் வந்தது. பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, திருமண உதவி, பேறுகால உதவி, விபத்து இழப்பீடு, அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம் உண்டு. 2018-ல் குறைந்தபட்சக் கூலியும் வந்தது: மணிக்கு 37 ரூபாயிலிருந்து 39 ரூபாய் வரை. தினம் இரண்டு மணி நேரம், மாதம் முப்பது நாள் என்று 37 ரூபாய் கணக்கில் பார்த்தால் 2,220 ரூபாய்.

இந்தத் தொகையைக் கேட்டு அபிராமபுரத்தில் பலர் சிரிப்பார்கள், "நாங்க அதுக்கு மேலேயே குடுக்கறோம்" என்று. கொடுக்கலாம். ஆனால் மணிக் கணக்கில் கொடுப்பவர் யார்? இங்கே பேச்சே வேறு. பாத்திரத்துக்கு இவ்வளவு, பெருக்கித் துடைக்க இவ்வளவு, துணிக்கு இவ்வளவு. நவராத்திரிக்கு இருபது பேர் வந்தால் பாத்திரம் மூன்று மடங்கு, கூலி அதே கூலி. அமெரிக்காவிலிருந்து பேரன் பேத்தி வந்து ஒரு மாதம் தங்கினாலும் அதே கூலி. அளவில்லாத வேலைக்கு அளவான சம்பளம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. மணிக்கூலி வந்தால் அது உடையும். அதனாலேயே அதை யாரும் பேச விரும்புவதில்லை.

2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வீட்டுப் பணியாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டி, நான்கு மத்திய அமைச்சகங்கள் சேர்ந்து நிபுணர் குழு அமைத்து, தனிச் சட்டம் தேவையா என்று ஆராயச் சொன்னது. நீதிபதிகள் சூர்ய காந்த், உஜ்ஜல் புயான் அமர்வு. அந்தத் தீர்ப்பிலேயே, 1959 முதல் வந்து வந்து போன மசோதாக்களின் கதையும் இருக்கிறது.

நடப்பில் இருக்கும் சட்டங்களில் மிகக் கூர்மையானது, யாருக்கும் தெரியாமல் கிடக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் வருடச் சட்டம், பணியிடம் எது என்று பட்டியல் போடும்போது குடியிருக்கும் வீட்டையும் சேர்த்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிக்கு உள்புகார்க் குழு என்றால், வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு மாவட்டத்தில் ஓர் உள்ளூர்ப் புகார்க் குழு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் ஏழு நாளுக்குள் குழுவே அதைப் போலீஸுக்கு அனுப்ப வேண்டும். கம்பெனிச் சுவரில் இந்தச் சட்டத்தின் போஸ்டரைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு, தங்கள் வீட்டுச் சுவருக்கும் அது பொருந்தும் என்று யாரும் சொன்னதில்லை. எந்த அடுக்ககத்து நோட்டீஸ் போர்டிலும் அந்தக் குழுவின் விலாசத்தை நான் பார்த்ததில்லை. தண்ணீர் லாரி வரும் நேரம் இருக்கும்.

"நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி"

இந்த வாக்கியத்தை ஏளனம் செய்வது சுலபம். முழுக்கப் பொய்யும் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், மனைவி படுக்கையில், எண்பதைத் தாண்டிய பெரியவர் தனியாக இருக்கும் வீடுகள் அபிராமபுரத்தில் ஏராளம். ராத்திரி நெஞ்சுவலி வந்தால் முதலில் போன் போவது மகனுக்கு அல்ல, வேலை செய்கிற அம்மாளுக்கு. அவர் பிள்ளையின் காலேஜ் ஃபீஸைக் கட்டிய வீடுகள் உண்டு, அவருக்கு ஆபரேஷன் செய்து பார்த்த வீடுகள் உண்டு. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளமும் புடவையும் கொடுக்க மறக்காதவர்கள் உண்டு. வீட்டு வேலைக்கு ஆள் வருவதால்தான் இந்த வட்டாரத்துப் பெண்களில் பலர் வங்கிக்கும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போக முடிகிறது என்பதும் உண்மை.

ஆனால் பிரியத்துக்குத் தேதி கிடையாது. பிரியம் இருக்கும்வரை அட்வான்ஸ் கிடைக்கும், அதைக் கழிக்கும்வரை வேலையை விட முடியாது. பிரியம் போன அன்று நோட்டீஸ் இல்லாமல் வேலை போகும். 2020 மார்ச் ஊரடங்கில் இது அம்பலமானது. குடியிருப்போர் சங்கங்கள் கேட்டை மூடின. சில வீடுகள் மாதாமாதம் சம்பளத்தைக் கூகுள் பே-யில் போட்டன. சில வீடுகள் அரிசி கொடுத்தன. மற்றவை போனை எடுக்கவில்லை. எது எந்த வீடு என்பதைத் தீர்மானித்தது வீட்டுக்காரரின் மனசு மட்டுமே. மற்ற எந்த வேலையிலும் சம்பளத்தை மனசுக்கு விடுவதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண் சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனால், வாரம் ஒருநாள் ஓய்வு அங்கே 2013 முதல் சட்டம். 2023-லிருந்து, மாதம் ஒரு ஓய்வு நாளைப் பணம் கொடுத்துக்கூட வாங்கிக்கொள்ள முடியாது, கட்டாயம் விட வேண்டும். அதே பெண் அபிராமபுரத்தில் வேலைக்குச் சேர்ந்தால், ஞாயிற்றுக்கிழமைதான் அதிக வேலை. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் மரியா மஹ்லாங்கு என்ற வீட்டுப் பணியாளர் 2012-ல் முதலாளி வீட்டு நீச்சல்குளத்தில் விழுந்து இறந்தார். விபத்து இழப்பீட்டுச் சட்டம் வீட்டு வேலைக்குப் பொருந்தாது என்றார்கள். மகள் வழக்குப் போட்டார். 2020 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், அவர்களை விலக்கி வைத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. இங்கே மூன்றாவது மாடி ஜன்னல் விளிம்பில் நின்று கண்ணாடி துடைக்கும் பெண்ணைத் தினமும் தெருவிலிருந்து பார்க்கிறோம். விழுந்தால் யார் பொறுப்பு என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது, அந்தப் பெண்ணுக்கும் தெரியாது.

அரசு செய்ய வேண்டியவற்றின் பட்டியல் நீளமானது, அதற்கு எத்தனை வருடம் ஆகுமோ. உங்கள் வீட்டுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று இந்த வாரமே கேளுங்கள். இல்லையென்றால் ஒருநாள் சம்பளத்தோடு லீவு கொடுத்து, தொழிலாளர் துறை இணையதளத்தில் நீங்களே உட்கார்ந்து பதிந்து கொடுங்கள். வேலை நேரம், மணிக்கூலி, வார விடுமுறை, கூடுதல் விருந்தாளி வந்தால் கூடுதல் பணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் கார் பார்க்கிங் தகராறுக்கு முன்னால், கீழ்த்தளக் கழிப்பறைக்கு விளக்கும் தாழ்ப்பாளும் போட்டு, அந்தப் பூட்டை எடுத்துவிடுவது பற்றித் தீர்மானம் கொண்டுவாருங்கள். லிஃப்டுக்கும் அப்படியே. இதற்கெல்லாம் ஆகும் செலவு, சங்கம் வருஷா வருஷம் பொங்கல் கோலப்போட்டிக்குச் செய்யும் செலவைவிடக் குறைவு.